'கோ இண்டூ யுவர் டான்ஸ்' (1935): ஜோல்சனும் கீலரும் ஜோடி சேர்ந்த ஒரே படம், இன்றைக்குத் தேறுமா?

#1 இரண்டாம் ஆட்டம்

நிஜத்திலேயே கணவன் மனைவியாக இருக்கிற இரண்டு நட்சத்திரங்களைக் காதலர்களாக நடிக்க வைத்தால் திரையில் ஏதாவது பற்றிக்கொள்ள வேண்டும். வார்னர் கம்பெனி 1935-இல் அப்படித்தான் கணக்குப் போட்டது. ஆல் ஜோல்சனும் ரூபி கீலரும் ஒரே படத்தில், பாட்டுக்கு ஹாரி வாரன், ஆல் டூபின். விளம்பரத்துக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் ஒன்றும் பற்றிக்கொள்ளவில்லை. அண்மையில் திரும்பப் பார்த்தபோது, அது ஏன் என்ற கேள்விதான் படத்தைவிடச் சுவாரசியமாக இருந்தது.

பார்க்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். முடிவையும் சொல்லிவிடுகிறேன், 1935 படத்துக்கு ரகசியம் காப்பதில் அர்த்தமில்லை. ஆல் ஹவார்ட் (ஜோல்சன்) பெரிய பிராட்வே பாடகர். ஷோ நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்பி நீட்டிவிடுவார். பொறுத்துப் பார்த்த தயாரிப்பாளர்கள் கடைசியில் அவரை ஒதுக்கிவைக்கிறார்கள். மெக்சிகோவில் குடித்துக் கிடப்பவரைத் தங்கை மாலி (க்ளெண்டா ஃபாரெல்) இழுத்து வந்து, டாரத்தி என்ற நடனக்காரியோடு (கீலர்) சிகாகோவில் மேடையேற்றுகிறாள். ஜோடி பிரபலமாகிறது. டாரத்திக்கு அவர்மேல் காதல், அவருக்கு அது கண்ணிலேயே படவில்லை. அப்புறம் நியூயார்க்கில் சொந்தமாக நைட்கிளப், அதற்குப் பணம் போடும் ரவுடி (பார்ட்டன் மெக்லேன்), அவன் மனைவி (ஹெலன் மார்கன்), மாலிமேல் ஒரு கொலைப் பழி. நடிகர் சங்கத்தில் கட்ட வேண்டிய டெபாசிட் பணம் மாலியின் ஜாமீனுக்குப் போய்விடுகிறது. ரவுடி ஆள் அனுப்புகிறான். ஆல்மேல் பாய வேண்டிய குண்டை டாரத்தி வாங்கிக்கொள்கிறாள், பிழைக்கவும் செய்கிறாள். அப்போதுதான் நம் ஆளுக்குக் காதல் உறைக்கிறது.

ஒன்றரை மணி நேரத்துக்கு இது கொஞ்சம் அதிகப்படியான சரக்கு. மெக்சிகோ காட்சிகளின் நகைச்சுவை இன்றைக்குச் சகிக்காது. கொலைப் பழி எங்கிருந்து வந்தது, எப்படிப் போனது என்று யோசிக்கக் கூடாது. அதெல்லாம் அந்தக் காலத்துப் படங்களில் சகஜம்.

எனக்கு உறுத்தியது வேறு. ஜோல்சன் கீலரைப் பார்த்துப் பாடுவதே அபூர்வம். உடம்பு அவர் பக்கம் திரும்பியிருக்கும், கண் மட்டும் கேமராவைத் தாண்டி எங்கோ இருக்கிற பால்கனியைத் தேடும். கீலரோ அவரையே பார்த்துக்கொண்டு நிற்பார், இல்லையென்றால் தன் காலைப் பார்ப்பார். கதையில் ஆலுக்கு டாரத்தி கண்ணில் படவில்லை என்பது திரைக்கதையின் ஏற்பாடு. ஆனால் அந்த ஏற்பாடு தேவையே இல்லாத பாட்டுக் காட்சிகளிலும் இதேதான் நடக்கிறது. ஆகவே என் கட்சி இது: படம் பழசாகிப் போனதற்குக் காரணம் ஜோல்சன். அதில் இன்றும் புதிதாகத் தெரிகிற ஒரே ஆள், நடிக்கவே தெரியாது என்று எல்லோரும் சொல்கிற கீலர்.

மறுப்பவர்கள் வரலாம்.

#2 கேள்விக்குறி

கீலரை '42-ஆம் தெரு' (1933) படத்தில் மட்டும் பார்த்திருக்கிறேன். கதாநாயகி கால் சுளுக்கிக்கொள்ள, கோரஸில் நின்ற பெண் ஒரே ராத்திரியில் நட்சத்திரமாவாளே, அவர்தானே? ஜோல்சன் என்றால் 'த ஜாஸ் சிங்கர்', அதுவும் யூடியூப் துண்டுகள்தான். இவர்கள் தம்பதி என்பதே இந்த இழையைப் பார்த்துத்தான் தெரியும். வயது வித்தியாசம் அதிகமோ? அப்புறம், ஒரே ஒரு படத்தோடு ஏன் நிறுத்திக்கொண்டார்கள்?

#3 முன்வரிசை

இரண்டாம் ஆட்டம் தம்பி, "மறுப்பவர்கள் வரலாம்" என்று எழுதியது எனக்கு வைத்த அழைப்பிதழ் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஜோல்சன் மேடையில் உருவானவர். 1911-இல் நியூயார்க் விண்டர் கார்டன் அரங்கில் கால் வைத்தபோது மைக் கிடையாது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவன் காதிலும் வார்த்தை விழ வேண்டும், முகபாவம் எட்ட வேண்டும். மேடையிலிருந்து பார்வையாளர் நடுவே ஒரு நடைமேடை போட்டு, அதில் ஓடி வந்து பாடினார். நடுவில் நாடகத்தை நிறுத்தி, "கதையைக் கேட்கிறீர்களா, என் பாட்டைக் கேட்கிறீர்களா?" என்று கூட்டத்திடமே கேட்டுவிட்டு, சக நடிகர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மணிக்கணக்கில் பாடியவர். அப்படிப்பட்ட ஆளைக் க்ளோசப்பில் வைத்துவிட்டு "ரொம்பப் பெரிதாக நடிக்கிறார்" என்பது, தேரோட்டத்தில் வாசிக்கிற நாதஸ்வரத்தைப் பூஜை அறைக்குள் வாசிக்கச் சொல்லிவிட்டுக் காது வலிக்கிறது என்பது மாதிரி.

'அபவுட் எ குவார்ட்டர் டு நைன்' பாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாட்டில் அவர் வந்து நின்றதும் திரையே அகலமாகிறது. அதே பாட்டை வேறு யார் பாடியும் எனக்கு அந்தத் துள்ளல் கிடைக்கவில்லை. கீலர் புதிதாகத் தெரிகிறாராம். எதுவும் செய்யாமல் நின்றால் எல்லோரும் புதிதாகத்தான் தெரிவார்கள்.

#4 ஒலிப்பெட்டி

முன்வரிசை ஐயா சொல்வதில் பாதி சரி. அவர் விட்ட மீதிப் பாதியை நான் ஒலிப்பதிவுப் பக்கமிருந்து சொல்கிறேன்.

'த ஜாஸ் சிங்கர்' 1927 அக்டோபரில் வந்தபோது வார்னரின் வைட்டாஃபோன் முறையில் ஒலி படச்சுருளில் இல்லை, தனித் தட்டில் இருந்தது. 16 அங்குலத் தட்டு, நிமிடத்துக்கு 33⅓ சுற்று. ஜோல்சன் செட்டிலேயே பாடினார், அது அப்படியே தட்டில் ஏறியது. பாட்டுக்கு நடுவில் அம்மாவிடம் அவர் தன்பாட்டுக்குப் பேசுகிற பேச்சும் அப்படி ஏறியதுதான். அந்தப் படத்தின் உயிரே அந்தக் கட்டுப்படாத தன்மை.

1935-க்குள் எல்லாம் மாறிவிட்டது. பாட்டை முதலில் ஸ்டூடியோவில் பதிவு செய்து, படப்பிடிப்பில் அதை ஓடவிட்டு வாயசைப்பார்கள். ஒவ்வொரு ராத்திரியும் ஒரே பாட்டை வேறு மாதிரி பாடிப் பழகிய மனிதர், ஏற்கெனவே பாடி முடித்த ஒன்றுக்குத் திரும்பத் திரும்ப வாயசைக்க வேண்டும். எதிரே கூட்டமும் இல்லை, கைதட்டலும் இல்லை. இரண்டாம் ஆட்டம் சொல்கிற அந்தக் "கண் பால்கனியைத் தேடுகிறது" என்பதற்கு இதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. மனைவியை அலட்சியம் செய்கிறார் என்பதைவிட, இல்லாத கூட்டத்தை அவர் கற்பனையில் கொண்டுவரப் பார்க்கிறார்.

பாடும் முறையும் மாறிவிட்டது. மைக்கைக் காதருகில் இருக்கிற ஆளாக நினைத்துப் பாடக் கற்றவர் பிங் கிராஸ்பி. 1935-இல் அவர் பாரமவுண்டில் பெரிய நட்சத்திரம். ஜோல்சனுக்கும் வானொலியில் நல்ல பெயர் இருந்தது, அதே ஆண்டில்தான் ஷெல் கம்பெனி நிகழ்ச்சி தொடங்கியது. ஆனால் அங்கே ஸ்டூடியோவில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள், அவருக்கு அது போதும்.

#5 சலங்கை

கீலரைப் பற்றி யாரும் இன்னும் நடனமாகப் பேசவில்லையே.

"காலைப் பார்த்து ஆடுவார், கனமாக ஆடுவார்" என்ற கேலி அவரை எண்பது தொண்ணூறு வருஷமாகத் துரத்துகிறது. அவர் ஆடுவது பக் டான்ஸ் வழி, அதாவது ஷூவால் தரையைத் தட்டித் தாளம் எழுப்பும் டாப் நடனத்தின் பழைய வகை. எடையெல்லாம் கீழே, தரையில். இடுப்புக்கு மேலே அலட்டல் கிடையாது, கை தளர்வாகத் தொங்கும். ஷூவின் அடியும் கட்டை மாதிரி விறைப்பான மரம். அதில் வேண்டியது ஒலிதான், கோலம் அல்ல. தாளவாத்தியக்காரர் தன் கையைப் பார்த்து வாசித்தால் யாரும் குறை சொல்வதில்லையே.

அதே 1935-இல் எம்ஜிஎம் எலியனோர் பவலை இறக்கியது. சுழல்வார், காலைத் தலைக்கு மேல் வீசுவார், சிரித்துக்கொண்டே ஆடுவார். நடன நட்சத்திரம் ஃப்ரெட் அஸ்டேர் தன் உடம்பு முழுக்கத் தெரியும்படி, முடிந்தவரை வெட்டு இல்லாமல் எடுக்கச் சொன்னார். அதற்கெல்லாம் பக்கத்தில் கீலர் பின்தங்கியவராகத் தெரிவது நியாயம்தான். பின்னாளில் அவரே, தனக்குப் பாட வராது, நடிக்க வராது, ஆட்டத்திலும் தான் பெரிய ஆள் இல்லை என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். நாம் அதை அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. பதின்ம வயதில் நியூயார்க்கில் டெக்சஸ் கைனன் நடத்திய கிளப்பில், மதுவிலக்குக் காலத்துக் கூட்டத்தின் முன் ஆடி வளர்ந்த பெண் அவர். மேசைக்கு மேசை இடமில்லாத அறையில், சத்தத்துக்கு நடுவே, சின்ன இடத்தில் நின்று ஆடினால் இப்படித்தான் ஆட வரும்.

இந்தப் படத்துக்கு நடன அமைப்பு பாபி கானலி, பஸ்பி பெர்க்லி இல்லை. இது முக்கியம். பெர்க்லிக்கு நடனக்காரி ஒரு வடிவம். 1934-இல் வந்த 'டேம்ஸ்' படத்தில் ஒரு பெரிய கூட்டமே கீலரின் முகமூடியைப் போட்டுக்கொண்டு வரும். எங்கே திரும்பினாலும் கீலர் முகம். கானலி அந்த மாதிரிப் பிரம்மாண்டத்துக்குப் போகவில்லை. 'லாட்டின் ஃப்ரம் மன்ஹாட்டன்' பாட்டுக்காக அவர் பெயர் ஆஸ்கருக்கும் போனது (நடன அமைப்புக்கு ஆஸ்கர் மூன்றே வருஷம்தான் கொடுத்தார்கள், அந்த முதல் வருஷம் வென்றவர் டேவ் கோல்ட்). ஸ்பானிஷ் நடனக்காரி வேஷம் போட்டு ஊரை ஏமாற்றுகிற மன்ஹாட்டன் பெண் என்பது பாட்டின் வேடிக்கை. ஜோல்சன் அந்தக் குட்டை உடைத்துப் பாடுகிறார். கீலர் அந்த வேஷத்தில் ஆடுகிறார். ஸ்பானிஷ் ஆட்டம் அவருக்குக் கொஞ்சமும் ஒட்டவில்லை, பாட்டுக்கு வேண்டியதும் அதுவேதான். எனக்குப் படத்தில் பிடித்த இடம் இது.

#6 கேள்விக்குறி

சலங்கை அக்கா, முகமூடி விஷயம் பயமாக இருக்கிறது. தேடிப் பார்க்கிறேன்.

#7 எதிர்க்கரை

கறுப்புச் சாயத்தைத் தாண்டிக் குதித்து எல்லோரும் ஷூவின் அடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

'மேமி, ஐ வில் சிங் அபவுட் யூ' பாட்டில் ஜோல்சன் முகத்தில் கரி பூசிக்கொண்டு வருகிறார். கதைக்கு அது எதற்கு? எதற்கும் இல்லை. 'த ஜாஸ் சிங்கர்' படத்தில் யூத ஆலயப் பாடகரின் மகன் தன் முகத்தை மறைத்துக்கொண்டு மேடையேறுகிறான் என்று ஒரு வாதமாவது வைக்கலாம். 'வொண்டர் பார்' (1934) படத்தின் சொர்க்கத்துக்குக் கோவேறு கழுதையில் போகிற பாட்டு, கறுப்பினத்தவரைக் கேலி செய்கிற எல்லாப் பழக்கத்தையும் ஒன்றாகக் கொட்டிய அசிங்கம். பார்த்ததும் தூக்கிவாரிப் போடும், அதனால் அதைப் பற்றி எழுதுகிறார்கள். இங்கே அது சும்மா வருகிறது, டையைக் கட்டிக்கொள்வது மாதிரி. ஜோல்சன் என்றால் கரி பூசி ஒரு பாட்டு இருக்க வேண்டும் என்று எழுதாத ஒப்பந்தம். எனக்கு அந்த வழக்கமான தன்மைதான் அதிகம் உறுத்துகிறது.

1830-களில் தொடங்கிய மின்ஸ்ட்ரல் மேடையின் வால் அது. வெள்ளைக்காரர்கள் கரி பூசிக்கொண்டு, அடிமைப்பட்ட மக்களைச் சோம்பேறிகளாகவும் கோமாளிகளாகவும் காட்டிக் காசு பார்த்த தொழில். "அந்தக் காலம் அப்படி" என்பது பதில் ஆகாது. அந்தக் காலத்திலும் அதைப் பார்த்துக் கூசிய கறுப்பினப் பார்வையாளர்கள் இருந்தார்கள், அவர்கள் உட்கார வேண்டிய இடம் அரங்கத்தின் மேல்தளம்.

#8 முன்வரிசை

எதிர்க்கரை, மறுக்கவில்லை. அந்தப் பாட்டு வரும்போது எனக்கும் சங்கடம்தான்.

ஆனால் மனிதரையும் கொஞ்சம் பாருங்கள். நோபிள் சிசிலும் யூபி ப்ளேக்கும் கறுப்பின இசைக்காரர்கள். கனெக்டிகட்டில் ஓர் உணவகம் அவர்களுக்குச் சாப்பாடு தர மறுத்தது என்று பத்திரிகையில் படித்துவிட்டு, முன்பின் தெரியாத ஜோல்சன் அவர்களைத் தேடிப் போய்க் கூட்டிக்கொண்டு போய் விருந்து வைத்தார். பின்னாளில் அவர்கள் தரப்பிலேயே நன்றியோடு சொன்ன விஷயம். இந்தப் படத்துக்கு அடுத்த வருஷம் 'த சிங்கிங் கிட்' (1936) படத்தில் கறுப்பின இசைக்குழுத் தலைவர் கேப் காலவேயோடு சேர்ந்து பாடினார். லிதுவேனியாவில் பிறந்து, அகதி மாதிரி அமெரிக்கா வந்த யூதப் பையன் அவர். வெறுப்பில் செய்தவர் இல்லை.

#9 எதிர்க்கரை

வெறுப்பில் செய்தார் என்று நான் எழுதவே இல்லை, ஐயா. விருந்து வைத்தது நல்ல காரியம். அந்தப் பாட்டைப் பார்க்க உட்கார்ந்த கறுப்பினக் குழந்தைக்கு அந்த விருந்து தெரியாது. திரையில் இருப்பது மட்டும்தான் தெரியும். 'த சிங்கிங் கிட்' படத்திலும் காலவே பக்கத்தில் இருந்தும் ஜோல்சன் கரியை விடவில்லையே.

படத்தைத் தடை செய் என்று கேட்கவில்லை. வெட்டாமல், எச்சரிக்கை வரி போட்டு அப்படியே வெளியிடுவதுதான் சரி. ஆனால் "தேறுமா" என்று கேட்டால் என் பதில் இதையும் சேர்த்துத்தான்.

#10 இரண்டாம் ஆட்டம்

சேர்க்கத்தான் வேண்டும். முதல் பதிவில் நான் கதைச் சுருக்கத்தோடு நின்றுவிட்டேன், எதிர்க்கரை நிரப்பியது நல்லது.

கேள்விக்குறி கேட்டதற்கு வருகிறேன். திருமணம் 1928 செப்டம்பரில். ஜோல்சன் நாற்பதைத் தாண்டியவர், கீலருக்கு இருபதுகூட ஆகவில்லை. ஜோல்சனுக்கு இது மூன்றாவது திருமணம். கீலருக்கு முன்பே ஜானி காஸ்டெல்லோ என்ற ரவுடியோடு பழக்கம் இருந்தது, ஜோல்சன் குறுக்கே வந்ததில் உயிருக்கே ஆபத்து என்று பேசிக்கொண்டார்களாம். படத்தில் ரவுடியின் மனைவி ஜோல்சனைச் சுற்றி வருகிறாள், ரவுடி துப்பாக்கி ஆள் அனுப்புகிறான். எழுதியவர்கள் தெரிந்து செய்தார்களா என்பது வேறு விஷயம், பார்த்த பிராட்வேக்காரர்கள் சிரித்திருப்பார்கள்.

எனக்கு இன்னும் ருசியாகப் படுவது வேறு. படத்தில் ஷோவை விட்டு ஓடுகிறவர் ஜோல்சன். நிஜத்தில்? 1928-இல் பிராட்வே தயாரிப்பாளர் ஸீக்ஃபெல்டின் 'வூப்பி!' நாடகத்தில் கீலருக்கு வேஷம் கிடைத்தது. பிராட்வேக்கு வரும் முன்பே அதை விட்டுவிட்டுக் கலிபோர்னியாவில் இருந்த கணவரிடம் போய்விட்டார். அடுத்த வருஷம் ஸீக்ஃபெல்டின் 'ஷோ கேர்ள்', பாட்டுக்கு கெர்ஷ்வின். கீலர் படிக்கட்டில் ஆடிக்கொண்டிருக்கும்போது பார்வையாளர் வரிசையிலிருந்து ஜோல்சன் எழுந்து 'லைசா' பாட்டைப் பாடினார். புகழ் பெற்ற சம்பவம், காதலின் அடையாளம் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். இருக்கட்டும். ஆனால் அந்த நிமிஷத்தில் அரங்கத்தில் இருந்த தலைகள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கும்? மேடையில் ஆடிக்கொண்டிருந்த பெண்ணைவிட்டுப் பாடுகிறவர் பக்கம்தானே. அந்த நாடகத்தையும் கீலர் சீக்கிரமே விட்டுவிட்டார்.

ஒலிப்பெட்டி சொல்கிற தொழில்நுட்பக் காரணத்தை ஏற்றுக்கொள்கிறேன். அதோடு இதையும் வைத்துக்கொள்ளுங்கள்: 1929-இல் மேடைக்குக் கீழே இருந்து செய்ததை 1935-இல் பக்கத்தில் நின்று செய்கிறார்.

ஒரே படத்தோடு நின்றதற்குக் காரணமாக வழக்கமாகச் சொல்லப்படுவது, ஸ்டூடியோ இன்னொன்று கேட்டபோது ஜோல்சன் மறுத்துவிட்டார் என்பது. தன்னை ஒரு ஜோடியில் பாதியாக ஜனங்கள் நினைத்துவிடக் கூடாதாம். அவர் நிலையில் இருந்து பார்த்தால் புரிகிறது. 1928-இல் 'த சிங்கிங் ஃபூல்' ஊரையே அழ வைத்தது, அப்போது அவருக்கு மேலே ஆள் இல்லை. 1933-இல் மட்டும் கீலருக்கு '42-ஆம் தெரு', 'கோல்ட் டிக்கர்ஸ் ஆஃப் 1933', 'ஃபுட்லைட் பரேட்' மூன்றும் வந்தன, மூன்றும் ஓடின. வீட்டில் ஏறுகிற நட்சத்திரம் ஒன்று, இறங்குகிற நட்சத்திரம் ஒன்று. ஹாலிவுட்டே பிற்பாடு இந்தக் கதையை வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப எடுத்தது.

#11 சலங்கை

கீலருக்குத் திரையில் பொருந்தியவர் டிக் பவல்தான். ஏழு படம் சேர்ந்து செய்தார்கள். பவல் பாடும்போது அவரைப் பார்த்துப் பாடுவார், இவ்வளவுதான் வித்தியாசம். பவல் 1936-இல் கல்யாணம் செய்துகொண்டது ஜோன் ப்ளாண்டெலை. அஸ்டேரும் ஜிஞ்சர் ராஜர்ஸும் வேறு வேறு வீட்டுக்காரர்கள். 'டாப் ஹாட்' இதே 1935-இல்தான் வந்தது. அதில் மழைக்கு ஒதுங்கி நின்று ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்துவிட்டு இந்தப் படத்துக்கு வந்தால், யார் தம்பதி என்றே குழம்பிவிடும். ஒருவர் ஒரு அடி வைக்க, மற்றவர் அதைத் திருப்பிக் கொடுக்க, அங்கே பேச்சுவார்த்தையே காலில் நடக்கிறது. இங்கே அவர் பாடுவார், இவர் ஆடுவார், ஒருவர் வேலையில் மற்றவருக்குப் பங்கு கிடையாது.

நிஜத் தம்பதி திரையிலும் தம்பதியாக வேலை செய்ய வேண்டுமென்றால் ஜார்ஜ் பர்ன்ஸ், கிரேசி ஆலன் மாதிரி இருக்க வேண்டும். 'எ டாம்சல் இன் டிஸ்ட்ரஸ்' (1937) படத்தில் அஸ்டேரோடு சேர்ந்து பொருட்காட்சி அரங்கில் ஆடுவார்களே! நடனத்துக்காகப் பெயர் பெற்றவர்கள் இல்லை, ஆனால் ஒருவர் எப்போது மூச்சு விடுவார் என்று மற்றவருக்குத் தெரிகிறது. பர்ன்ஸ் தன்னைப் பின்னால் நிறுத்திக்கொள்ளத் தெரிந்தவர். ஜோல்சனுக்கு வராதது அதுதான்.

#12 ஒலிப்பெட்டி

யாரும் ஹெலன் மார்கனைத் தொடவில்லை. எனக்குப் படமே அவர் பாடுகிற 'த லிட்டில் திங்ஸ் யூ யூஸ்ட் டு டூ' தான். 1927-இல் பிராட்வேயில் 'ஷோ போட்' நாடகத்தில் ஜூலி வேஷத்தில் உச்சிக்குப் போனவர், 1929-இல் 'அப்ளாஸ்' படத்தில் அசத்தியவர். இங்கே அவருக்கு வேஷம், திரும்ப மேடையேற ஏங்குகிற பழைய பாடகி! நிஜ வாழ்க்கையிலும் குடி அவரை அரித்துக்கொண்டிருந்தது, 1941-இல் கல்லீரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார். குரலில் நடுக்கம் இருக்கிறது, ஆனால் ஒரு வரியைக்கூட அழுத்திப் பாடவில்லை. ஜோல்சன் பாட்டுகளுக்கு நடுவில் இதைக் கேட்டால், மைக் வந்த பிறகு பாட்டு என்னவாயிற்று என்பதற்கு விளக்கமே வேண்டாம். மார்கனும் கீலரும் ஒரே படத்தில் இருந்தும் படம் சுற்றுவது இன்னொருவரைச் சுற்றி.

வாரன், டூபினைப் பற்றியும் ஒன்று. இதே 1935-இல் இதே கம்பெனிக்கு இதே இருவர் போட்ட 'லல்லபி ஆஃப் பிராட்வே' ஆஸ்கர் வாங்கியது. இந்தப் படத்துப் பாட்டுகள் அதற்குக் குறைந்தவை இல்லை. படம் மறந்து போயும் 'குவார்ட்டர் டு நைன்' நின்றுவிட்டது.

#13 கேள்விக்குறி

படம் கிடைத்தது, பார்த்துவிட்டேன். நேற்று ராத்திரி 'டேம்ஸ்' முகமூடிப் பாட்டையும் பார்த்தேன், தூக்கம் போனது.

என் தீர்ப்பு: ஜோல்சனும் இல்லை, கீலரும் இல்லை. க்ளெண்டா ஃபாரெல்! மற்ற எல்லோரும் 1935-இல் இருக்கிறார்கள், அவர் மட்டும் இன்றைக்கு ஆபீஸில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி படபடவென்று பேசுகிறார். அண்ணனைத் திட்டிக்கொண்டே தூக்கி நிறுத்துகிறார். ஜோல்சன் மிக இயல்பாக இருப்பதும் அவரோடு வருகிற காட்சிகளில்தான். தங்கையோடு இருக்கும்போது எதிரில் இருப்பவரைக் கவனித்துக் கேட்கிறார், காதலியோடு இருக்கும்போது கேட்பதில்லை. யாருக்காவது அப்படித் தோன்றியதா?

கரி பூசிய பாட்டை ஓட்டிவிடலாமா என்று நினைத்தேன். எதிர்க்கரை எழுதியதைப் படித்ததால் முழுக்கப் பார்த்தேன். அவர் சொன்னது சரி, அதில் வேலை செய்கிற யாருக்கும் அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை.

#14 இரண்டாம் ஆட்டம்

நல்ல கவனிப்பு. ஃபாரெலிடம் அவர் தோற்க வேண்டியிருக்கிறது, அதனால் கேட்கிறார்.

உதிரித் தகவல் ஒன்று. ஃபாரெலும் இந்தப் படத்து ரவுடி பார்ட்டன் மெக்லேனும் 1937 முதல் 'டார்ச்சி ப்ளேன்' வரிசைப் படங்களில் ஜோடி. அவர் துப்பறியும் நிருபர், இவர் போலீஸ்காரர். சூப்பர்மேனின் லோயிஸ் லேனுக்கு முன்மாதிரியே அந்த டார்ச்சிதான். இன்னொன்று, இதில் வருகிற பேட்சி கெல்லியும் கீலரும் 1971-இல் பிராட்வேயில் 'நோ, நோ, நானெட்' நாடகத்தில் மறுபடி சேர்ந்தார்கள். மேற்பார்வை என்று போட்ட பெயர் பஸ்பி பெர்க்லி. கெல்லிக்கு டோனி விருது கிடைத்தது. கீலர் அறுபதைத் தாண்டிய வயதில் படி இறங்கி வந்து டாப் ஆடியதும் அரங்கம் எழுந்து நின்றதாம். அந்த மேடையில் யாரும் கீழே இருந்து எழுந்து பாடவில்லை.

#15 முன்வரிசை

கடைசி வரி வேண்டுமென்றே எழுதியது. இருக்கட்டும்.

பிரிந்த கதையையும் முழுக்கச் சொல்லிவிடுங்கள். 1940-இல் விவாகரத்து. 1946-இல் 'த ஜோல்சன் ஸ்டோரி' எடுத்தபோது கீலர் தன் பெயரைப் பயன்படுத்த அனுமதிக்கவில்லை. அதனால் அந்தப் படத்தில் மனைவியின் பெயர் ஜூலி பென்சன், நடித்தவர் எவலின் கீஸ். லாரி பார்க்ஸ் ஜோல்சனாக வாயசைக்க, அறுபது வயது ஜோல்சன் பின்னால் நின்று பாடினார். 'குவார்ட்டர் டு நைன்' அதிலும் வருகிறது. அந்தப் படத்தின் வெற்றியில் மனிதர் மறுபடி உச்சத்துக்குப் போனார். 1950-இல் கொரியாவில் சிப்பாய்களுக்குப் பாடிவிட்டுத் திரும்பிய கொஞ்ச நாளில் இறந்தார். பாடுவதை அவர் நிறுத்தவே இல்லை. இதை அகங்காரம் என்று எழுதுகிறவர்கள் எழுதட்டும்.

#16 ஒலிப்பெட்டி

ஐயா, உங்கள் கட்சிக்கே வலுச் சேர்க்கிற ஒரு படத்தை நீங்கள் குறிப்பிடவில்லையே. 'ஹாலெலூயா, ஐ ஆம் எ பம்' (1933), லூயிஸ் மைல்ஸ்டோன் இயக்கம், ராட்ஜர்ஸ், ஹார்ட் பாட்டு. வசனத்தில் பாதி எதுகை போட்டு ஓடும். சென்ட்ரல் பார்க்கில் வாழ்கிற நாடோடியாக ஜோல்சன் அதில் எவ்வளவு அடக்கமாக நடித்திருக்கிறார்! குரலைத் தாழ்த்துகிறார், எதிரில் இருப்பவரைப் பார்க்கிறார், காதலைச் சத்தமில்லாமல் விட்டுக் கொடுக்கிறார். கேமராவுக்கு நடிக்க அவருக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

#17 இரண்டாம் ஆட்டம்

அப்படியென்றால் கேள்வி இன்னும் கூர்மையாகிறதே. 1933-இல் தெரிந்தது 1935-இல், அதுவும் சொந்த மனைவி எதிரில் நிற்கும்போது, ஏன் வரவில்லை?

#18 முன்வரிசை

ஏனென்றால் அந்த 1933 படம் ஓடவில்லை, தம்பி. அடங்கி நடித்துப் பார்த்தார், ஜனங்கள் வரவில்லை. திரும்பவும் முழங்காலில் விழுந்து இரண்டு கையையும் விரித்துவிட்டார். இதில் கீலரைக் கொண்டுவர என்ன இருக்கிறது? அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள், அப்புறம் தனி இழையில் சண்டை போடலாம்.